காதுக்கு எதுக்குடா டை?

பேராண்டி, நேத்து ராத்திரி நீ போன வச்சதுலேர்ந்து உங்க அப்பாயி ஒரே பொலம்பல். "பய நுவரெலியாவுல ஜாஸ் பாக்கப் போறானாம்"னு நான் சொன்னதும், "ஐயையோ, கொழும்புத் தண்ணி ஒத்துக்கலையா? அதுக்கு அங்க எந்த டாக்டருங்க?"ன்னு கேட்டா. அது சீக்கு இல்ல, சங்கீதம்னு அவளுக்கு வெளங்க வைக்கிறதுக்குள்ள என் தேத்தண்ணி ஆறிப் போச்சு.

சரி, விஷயத்துக்கு வாரேன். கட்டிக்கப் போற பிள்ளையக் கூட்டிக்கிட்டு, சீசன் நேரத்துல, பெரிய ஹோட்டல்ல, ஒரு பாட்டுக்காரம்மாவும் ஒரு சாக்ஸபோன்காரரும் நடத்துற கச்சேரிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்க. எடுத்த பெறகு ரெண்டு சந்தேகம் வந்திருக்கு: என்ன உடுத்துறது, எப்ப கை தட்டுறது. வங்கியில வேலை பாக்கிறவன், கையில அம்மாம் பெரிய போன் வச்சிருக்கவன், நாப்பது வருசம் கவ்வாத்துக் கத்தி புடிச்ச கெழவன்கிட்ட இதக் கேக்கிற. ஒன்னு உனக்குப் புத்தி கூடிப்போச்சு, இல்லாட்டி டேட்டா தீந்து போச்சு. எதுவோ, கேட்டுட்ட. கெழவன்கிட்ட ஒன்னு கேட்டா ஒம்பது வரும். உக்காந்து வாங்கிக்க.

மொதல்ல என் தகுதியச் சொல்லிடறேன். நான் பொறந்தது 1947. எனக்குப் பல்லு மொளைச்சு முடியிறதுக்குள்ள, 1948-ல, நீங்கல்லாம் இந்த நாட்டுப் பிரஜை இல்லைன்னு சட்டம் போட்டு எங்களக் கழிச்சு விட்டுட்டாங்க. பதினாறு வயசுல தொரை பங்களாவுல பூந்தோட்ட வேலைக்குச் சேந்தேன். நல்லவேளை, ரோசாச் செடி என்கிட்ட எந்த நாட்டுப் பிரஜைன்னு கேக்கல. சனிக்கிழமையானா தொரைக்குக் கிளப்பு. கார்ல பின்னால கொடையோட நான். அவரு எறங்கி உள்ள போயிருவாரு. நான் ஜன்னலுக்கு வெளிய, பனியில, கம்பளியப் போத்திக்கிட்டு நிப்பேன். உள்ள ரெக்கார்டு போடுவாங்க. சில நாள் கொழும்புலேர்ந்து பேண்டு வரும். ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்தச் சங்கீதத்த ஒழுங்காக் கேட்டது நான் ஒருத்தன்தான். டிக்கெட்டுக்காரங்க அத்தனை பேரும் உள்ள பேசிக்கிட்டிருந்தாங்க.

அதனால மொதப் புத்தி இதுதான்: உள்ள போனவன் எல்லாம் கேட்டவன் இல்ல. நீ உள்ள போறவன். சாக்கிரதை.

இப்ப உடுப்புக்கு வாரேன். நுவரெலியாவுல ஹில் கிளப்புன்னு ஒன்னு இருக்கு, 1876-ல தொரைமாரு தொடங்குனது. இருட்டுன பெறகு கோட்டும் டையும் இல்லாம உள்ள உக்கார முடியாதுங்கிறது அதோட வழக்கம். டை இல்லாம வந்தவனுக்கு அங்கேயே எரவல் டை எடுத்துக் குடுப்பாங்க. நம்ம லயத்துல எரவல் வாங்குனா மானக்கேடு. அங்க எரவல் வாங்கிக் கட்டுனாத்தான் மானம். ஒலகம் இப்படித்தான் பேராண்டி, ஒரே காரியம் மேட்டு லயத்துல ஒன்னு, பங்களாவுல ஒன்னு.

நீ போற எடத்துல அந்தக் கட்டாயம் இருந்தா கட்டிக்க, இல்லாட்டி விட்டுடு. சங்கீதம் நுழையறது காது வழியா. காதுக்கு எதுக்குடா டை? கழுத்த இறுக்கிக் கட்டுனா தலை ஆடாது. தலை ஆடாதவன் ஜாஸ் கேக்கப் போகக் கூடாது, பாராளுமன்றத்துக்குப் போகணும். தொவச்ச சட்டை ஒன்னு, தடிச்ச சுவெட்டர் ஒன்னு போதும். ஆறாயிரம் அடிக்கு மேல இருக்கிற ஊரு அது. சுவெட்டர் இல்லாட்டி உன் பல்லு தாளம் போடும். உன் பல்லக் கேட்டு ட்ரம்ஸ்காரன் கொழம்பிப் போவான்.

இன்னொன்னு. சாப்பாடு எடுத்துக்கிட்டு வர்ற பையன் அனேகமா நம்ம லயத்துப் பிள்ளையாத்தான் இருப்பான். அந்தப் பிள்ளை முன்னால கெத்துக் காட்டணும்னு, இங்கிலீசுல "எக்ஸ்கியூஸ் மீ"ன்னு விரலச் சொடுக்காத. "தம்பி எந்தத் தோட்டம்?"னு கேளு. டிக்கோயான்னுவான், பொகவந்தலாவைன்னுவான். அந்த ஒரு கேள்விக்கு நல்ல மேசையும் கெடைக்கும், சூடான சூப்பும் வரும். டீ விலையப் பாத்து மட்டும் கணக்குப் போட்டுடாத. உங்க சித்திக்கு ஒரு நாள் முழுப்பேர்ச் சம்பளம் 1,350 ரூவான்னு கெசட் போட 2024 வரைக்கும் போராட வேண்டியிருந்துச்சு. அதையும் அந்தக் கோப்பை விலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, கணக்கு வரும், பாட்டு போயிரும். கணக்க மறுநாள் காலையில போட்டுக்க. ஆனா போடு.

இனி அந்த வளைஞ்ச குழாயப் பத்தி. அதச் செஞ்சவரு அடால்ஃப் சாக்ஸ், பெல்ஜியத்துல தினான்ங்கிற ஊருக்காரரு, 1814-ல பொறந்தவரு. சின்னப்புள்ளையில மாடியிலேர்ந்து விழுந்தாரு, ஊசிய முழுங்குனாரு, இந்தப் பிள்ளை தங்காதுன்னு ஊரே முடிவு கட்டிச்சுன்னு கதை சொல்வாங்க. தங்கிட்டாரு. தங்கி, 1846-ல பாரிசுல அந்த வாத்தியத்துக்குக் காப்புரிமை எடுத்து, தன் பேரையே வச்சும் விட்டாரு. அந்தக் காலத்துல நம்ம முப்பாட்டன்மாரு மன்னார்க் கரையில எறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுவழியா நடந்து, வழியில பல பேரப் பொதைச்சுட்டு, கோப்பித் தோட்டத்துக்கு வந்துக்கிட்டிருந்தாங்க. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில தேயிலை போட்டது 1867-ல. ஆக, வயசுப்படி பாத்தா சாக்ஸபோன் நம்ம தேயிலைக்கு இருபத்தோரு வருச மூத்த அண்ணன். அண்ணனச் செஞ்சவரு கடைசியில கடன்ல மூழ்கித்தான் 1894-ல செத்தாரு. வாத்தியம் ஒலகத்தையே சுத்திச்சு. செஞ்சவனுக்குத் துண்டு விழுந்துச்சு. தேயிலையிலயும் அந்தக் கதைதான?

அந்தக் குழாய்ல நான் மெச்சுற ஒரு சங்கதி இருக்கு. ஒடம்பு முழுக்கப் பித்தளை, ஊருக்கே பளபளன்னு தெரியுது. ஆனா வாத்தியக்காரங்க அத ட்ரம்பெட்டோட சேத்துப் பித்தளைச் சாதியில வைக்கல. கிளாரினெட்டோட சேத்து மரக்குழல் சாதியில வச்சிருக்காங்க. ஏன்னு கேளு. வாயில வைக்கிற எடத்துல நாணல்ல சீவுன ஒரு நாக்கு இருக்கு. அந்த நாக்கு துடிச்சாத்தான் சத்தம். ஒடம்பப் பாத்துச் சாதி சொல்லாம, மூச்சு படுற எடத்தப் பாத்துச் சொல்லியிருக்கான் பாரு, அவன் மனுசன். நம்ம மேட்டு லயத்துப் பெருசுங்க ரெண்டு பேர அந்த ஆள்கிட்ட பாடம் படிக்க அனுப்பணும்.

நம்ம நாகசுரத்துச் சீவாளியும் நாணல்தான். சாக்ஸபோனுக்கு ஒத்தை நாக்கு, நாகசுரத்துக்கு ரெட்டை நாக்கு. ரெட்டை நாக்கு வச்சிருக்க எல்லாரும் பொய் சொல்றதில்லைன்னு அதுலேர்ந்து தெரிஞ்சுக்க. மங்களூர்ப் பக்கம் ஒரு நாகசுரக்காரர் மகன், மைசூர் அரண்மனை பேண்டுல இந்தக் குழாயப் பாத்து ஆசைப்பட்டு, வருசக் கணக்காப் பாடுபட்டு, அதுல கமகம் பேச வச்சாரு. கத்ரி கோபால்நாத். 1994-ல வந்த 'டூயட்' படத்துல பிரபு கையில புடிச்சிருப்பாரு, மூச்சு கத்ரியோடது. 2019-ல போயிட்டாரு. கூட வர்ற பிள்ளைக்கிட்ட இதச் சொல்லு. ஆனா கச்சேரி நடக்கிறப்ப சொல்லாத.

கச்சேரி தொடங்குறதுக்கு முந்தி அந்த சாக்ஸபோன்காரர் ஓரமா நின்னு என்ன செய்யறாருன்னு கவனி. நாக்க வாயில வச்சு ஊற வைப்பாரு. குழாய்க்குள்ள சும்மா காத்த ஊதுவாரு. ஏன்னா குளுருல ஊதுற வாத்தியத்துக்குச் சுதி எறங்கும். நுவரெலியாக் குளுருக்குக் கேக்கவா வேணும்? அந்தக் குழாயச் சூடாக்காம மேடை ஏறுனா, பியானோ ஒரு பக்கம் போவும், இவரு ஒரு பக்கம் போவாரு. உனக்கு இது புதுசா இருக்கும். எனக்கு இல்ல. நம்ம தப்புக்காரர் மாசிப் பனியில மிலாறு விறகக் கொளுத்தி, தப்போட தோல நெருப்புக்குக் காட்டி, விரலால சுண்டிச் சுண்டிப் பாக்கிறத நீ எத்தனை தடவை பாத்திருக்க? அப்ப என்ன சொன்ன? "எப்பத் தாத்தா ஆரம்பிப்பாங்க, போர் அடிக்குது." ஹோட்டல்ல சொல்லிப் பாரேன் பாப்போம். சொல்ல மாட்ட. அங்க காசு குடுத்திருக்க.

அடுத்தது, கை தட்டுறது. இதுலதான் மாப்பிள்ளைமாரு மானம் போகும். ஜாஸ் பாட்டோட நடை லேசுதான். மொதல்ல எல்லாரும் சேந்து மெட்டச் சொல்வாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா அந்த மெட்டோட எலும்ப மட்டும் வச்சுக்கிட்டு, சதையத் தானே போட்டுப் போவாங்க. சாக்ஸபோன் ஒரு சுத்து, பியானோ ஒரு சுத்து, சில நேரம் ட்ரம்ஸும் ஒரு சுத்து. எழுதி வச்சது இல்ல. அந்த நேரத்துல வர்றது. கடைசியில எல்லாரும் மெட்டுக்குத் திரும்பி வந்து முடிப்பாங்க. நாகசுரக்காரர் ராகத்த இழுத்துக்கிட்டு எங்கெங்கயோ போயிட்டு, பல்லவிக்கு வந்து சேர்றப்ப தவில்காரர் மொகம் மலரும் பாரு, அதே சங்கதி. ஒவ்வொருத்தர் சுத்து முடிஞ்சதும் கை தட்டலாம், பாட்டு முடியட்டும்னு காத்திருக்க வேணாம். கர்நாடகக் கச்சேரிக்குப் போற கொழும்பு மாமிமாருக்கு இது தெரியும், பேங்க் மேனேஜர்மாருக்குத் தெரியாது. உன் மேனேஜர் முன் வரிசையில இருந்தா அவரப் பாத்துத் தட்டாத.

தாளத்துக்குத் தட்டணும்னு தோணுச்சுன்னா இன்னொரு சூட்சுமம் இருக்கு. நம்ம கை மொத அடியில விழும். ஒன்னு, மூனு. அவங்க விரல் சொடுக்குறது ரெண்டுலயும் நாலுலயும். நீ ஒன்னுல தட்டுனா, சமூர்த்திக் கூட்டத்துல தலைவருக்குத் தட்டுற மாதிரி இருக்கும். வெளங்கலைன்னா கைய மடியில வச்சுக்க. மடியில கெடக்கிற கை எந்தக் காலத்துலயும் தாளம் தப்புனதில்ல.

இப்ப முக்கியமானதுக்கு வாரேன். இது கல்யாணப் பாடம். கச்சேரி சும்மா சாக்கு.

பாட்டுக்காரம்மாவும் சாக்ஸபோன்காரரும் ஒரே மேடையில இருக்கிறப்ப, அந்த ஆளு எப்ப ஊதுறாருன்னு எல்லாரும் பாப்பாங்க. நீ, எப்ப ஊதாம இருக்காருன்னு பாரு. அந்தம்மா வரி பாடுறப்ப அவரு குழாய எறக்கி வச்சிருப்பாரு. வரி முடிஞ்சு அந்தம்மா மூச்சு எடுக்கிற எடம் இருக்கு பாரு, சுண்டு வெரல் அளவு எடம், அதுல ரெண்டே சொட்டு ஊதிட்டு ஒதுங்கிடுவாரு. "அப்படியா புள்ள?"ன்னு கேக்கிற மாதிரி. சில நேரம் "பெறகு?"ன்னு. அத்தனைதான். அந்தம்மா பேச்ச வெட்டி ஊதுனாருன்னா, ஆள் எத்தனை பெரிய வித்துவானா இருந்தாலும் அன்னைக்குக் கச்சேரி குடும்பச் சண்டைதான்.

அமெரிக்காவுல பில்லி ஹாலிடேன்னு ஒரு பாட்டுக்காரம்மா, லெஸ்டர் யங்னு ஒரு சாக்ஸபோன்காரர். அந்தம்மாவுக்கு 'லேடி டே'ன்னு பேரு வச்சது அவரு. அவருக்குப் 'பிரெஸ்', அதாவது ஜனாதிபதின்னு பேரு வச்சது அந்தம்மா. இப்படிப் பேரு வச்சுப் பட்டம் குடுத்துக்கிட்டா சண்டை எங்கேர்ந்து வரும்? வந்துச்சு, நடுவுல கொஞ்ச காலம் தள்ளியும் நின்னாங்க. 1957 டிசம்பர் 8-ஆம் தேதி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில ரெண்டு பேரும் ஒன்னா வந்தாங்க. லெஸ்டருக்கு ஒடம்பு சரியில்ல. கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர்னு பெரிய பெரிய மூச்சுக்காரங்க பக்கத்துல நிக்கிறாங்க. லெஸ்டர் எந்திரிச்சு ஒரே ஒரு சுத்து வாசிச்சாரு. வேகம் இல்ல, வித்தை இல்ல, நாலஞ்சு சொரந்தான். அந்தம்மா மொகத்தப் பாரு, படம் இன்னைக்கும் போன்ல கெடக்கு. தலைய லேசா ஆட்டி ஆட்டிக் கேக்கிறாங்க. 1959-ல மார்ச்சுல அவரு போனாரு, ஜூலையில அந்தம்மா போனாங்க. ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டி இல்ல. இருந்தாலும் உனக்கு வேண்டியது அதுல இருக்கு: ஒருத்தர் பேசுறப்ப மத்தவர் மொகம் எப்படி இருக்கணுங்கிறது. உங்க அப்பாயி கொழுந்து நிறுக்கிற எடத்துல நடந்த சண்டையச் சொல்ல ஆரம்பிச்சா நான் அந்த மொகந்தான் வைப்பேன். அம்பத்து நாலு வருசம் ஓடிருச்சு. பாதி நேரம் காதுல விழலைங்கிறது உனக்கும் எனக்கும் உள்ள ரகசியம்.

"எல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி, நமக்கென்ன"ன்னு அந்தப் பிள்ளை சொன்னா, ரெண்டு திருத்தம் சொல்லு. ஒன்னு, அது வெள்ளைக்காரன் சங்கதியே இல்ல. கறுப்பு மக்கள் உண்டாக்குனது, வெள்ளைக்காரன் டிக்கெட் வித்தான். ரெண்டாவது, அந்த மேடையில நம்ம நாட்டுப் பொம்பளை ஒருத்தங்க ஏறியிருக்காங்க. யோலண்ட் பாவன், கொழும்புல பொறந்தவங்க. லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ், ராஸ்னு அமெரிக்காவுல மூனு பேர் பாட்டுக் கூட்டு ஒன்னு கொடி கட்டிப் பறந்துச்சு. அதுல ஆனி ராஸ்ங்கிற அம்மா வெலகுனதும், 1962-ல அந்த எடத்துக்கு வந்தது நம்ம யோலண்ட். சேலை கட்டிக்கிட்டு அமெரிக்க மேடையில நின்னு பாடுனவங்க. எரவல் டை கேக்கல பாத்தியா! 1963-ல நியூபோர்ட் ஜாஸ் விழாவுல அவங்க கூட்டு பாடுனப்ப சாக்ஸபோன் ஊதுனது யாரு தெரியுமா? சொன்னேனே, அதே கோல்மன் ஹாக்கின்ஸ். அந்தக் கச்சேரி ரெக்கார்டாவே வந்திருக்கு.

அவங்க பாடுனது ஒரு தினுசான வேலை. சாக்ஸபோன்காரனும் ட்ரம்பெட்காரனும் வாசிச்சு வச்ச சங்கதி இருக்கில்ல, அதுக்குச் சொரத்துக்குச் சொரம் வார்த்தை கட்டி, வாத்தியம் ஓடுன வேகத்துலயே வாயால ஓடுறது. நீ மலைச்சுப் போவ. நான் மலைக்கல. காலையில வேலைக்குக் கூப்பிடுற பெரட்டுத் தப்பு அடிக்கிறப்ப, லயத்துப் பொடியங்க நாங்க அந்த அடிக்கு வார்த்தை போட்டுப் பாடுவோம்: "எந்திரி எந்திரி, கங்காணி வாரான், கூடைய எடுடி, குளுருதுன்னு சொல்லாத." கங்காணி காதுல விழுந்து முதுகுல தப்பு அடிச்சாரு. யோலண்ட் அம்மாவுக்கு நியூபோர்ட்ல கை தட்டுனாங்க. வித்தை ஒன்னு, வரும்படி வேற.

பெரிய ஆளுங்களும் இந்த நாட்டுக்கு வந்திருக்காங்க. 1958-ல டேவ் புரூபெக் வந்தாரு, கூட பால் டெஸ்மண்டுன்னு சாக்ஸபோன்காரர், பட்டு நூல் மாதிரி ஊதுறவரு. 1963-ல டியூக் எலிங்டன் தன் பேண்டையே கொண்டு வந்தாரு, ஜானி ஹாட்ஜஸ், பால் கொன்சால்வ்ஸ்னு சாக்ஸபோன் வரிசையே ஒரு கொழுந்துக் கூட்டம் மாதிரி. ரெண்டு பேரையும் அனுப்புனது அமெரிக்க அரசாங்கம். தன் ஊருல கறுப்பு மனுசன் வெள்ளைக்காரன் பக்கத்துல உக்காந்து சாப்பிட முடியாத காலத்துல, அதே கறுப்பு மனுசன வெளியூருக்குத் தூதரா அனுப்புனான். அந்தச் சூட்சுமம் நம்ம தலைவர்மாருக்குக்கூட இன்னும் முழுசா வரல. எலிங்டன் வந்த வருசந்தான் நான் ரோசாச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சேந்தேன். தொரை கொழும்புக்குப் பறந்தாரு. அன்னைக்கு மட்டும் கொடை தூக்க ஆள் வேணாம்னுட்டாரு.

ஹோட்டல்ல ஒரு அறிவாளி உன் மேசைக்கு வருவான். கையில கிளாஸ் இருக்கும். "ஜாஸும் உங்க மலையகத் தப்பும் ஒன்னுதான், யூ நோ"ம்பான். தலைய ஆட்டிடாத, முறைக்கவும் செய்யாத. அவங்க மூதாதைய சந்தையில நிறுத்தி வித்தாங்க. நம்ம மூதாதைய விக்கல, கடன்ல கட்டுனாங்க. தோட்டம் மாறணும்னா கங்காணிக்குக் குடுக்க வேண்டிய கடனத் துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுத்தான் நகர முடியும். அந்தத் துண்டு முறை 1921-லதான் ஒழிஞ்சுது. சங்கிலியும் கடனும் ஒன்னில்ல. ஒன்னுன்னு சொன்னா ரெண்டு பேரோட வலிக்கும் மரியாதை இல்ல.

ஆனா கேக்கிற காதுக்குச் சிலது தெரியும். நியூ ஆர்லியன்ஸ்ல அடிமைப்பட்ட சனங்க ஞாயித்துக்கிழமை காங்கோ சதுக்கத்துல கூடி அடிச்சாங்க, ஆடுனாங்க. நமக்கும் ஞாயித்துக்கிழமைதான் மூச்சு. அவங்க ஊருல சாவு எடுக்கிறப்ப பேண்டு போகும். சுடுகாடு வரைக்கும் மெதுவா அழுதுக்கிட்டே போய், பொதைச்சுட்டுத் திரும்புறப்ப துள்ளலா வாசிச்சுக்கிட்டு வரும். வாழ்ந்து முடிச்ச கெழவன் செத்தா நம்ம தப்பு எப்படிப் பேசும்னு உனக்குத் தெரியாது, கொழும்புக்காரனாயிட்ட. கவலைப்படாத, அந்தக் கச்சேரி ஒன்னு சீக்கிரம் வரும். அதுக்கு டிக்கெட் இல்ல, நெய்ப்பந்தம் புடிக்க லீவு மட்டும் எடுத்துட்டு வா. துள்ளலா அடிக்கச் சொல்லி இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.

பாட்டுக்காரம்மா நடுவுல வார்த்தைய விட்டுட்டு "துபிடு பாபா"ன்னு ஏதோ சொல்வாங்க. மறந்துட்டாங்கன்னு நெனச்சுச் சிரிக்காத. அதுக்கு ஸ்காட்னு பேரு. 1926-ல லூயி ஆம்ஸ்ட்ராங் ரெக்கார்டு பண்றப்ப பாட்டுத் தாள் கீழ விழுந்துருச்சு, வாய்க்கு வந்தத வச்சு ஒப்பேத்துனாரு, அதுலதான் அது பேரெடுத்துச்சுன்னு கதை. நம்ம அம்மாயிமாரு கொழுந்து மலையில "தன்னானே தானே"ன்னு இழுத்தப்ப தாள் கீழ விழல. தாளே இல்ல. அந்தப் பாட்டையெல்லாம் ஒருத்தர் ஒக்காந்து எழுதி வச்சாரு, வட்டகொடைப் பக்கத்து சி.வி. வேலுப்பிள்ளை. 1947-ல தலவாக்கலையில செயிச்சுப் பாராளுமன்றம் போனவரு. பாராளுமன்றத்துல பேசுனத ஊரு மறந்துருச்சு. எழுதி வச்ச பாட்டு நிக்குது. வோட்டுக் கேட்டு வர்றவங்களுக்கு இதச் சொன்னா வெளங்காது.

கடைசியா ஒன்னு சொல்லிட்டுப் போன வைக்கிறேன். உங்க பெரிய தாத்தா, என் பங்காளி, தப்புக்காரர், உனக்குத் தெரியும். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு ஹோட்டல்காரங்க, விருந்தாளிங்கள வரவேற்கன்னு அவரக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. சிவப்புத் துணி குடுத்துத் தலையில கட்டச் சொன்னாங்க. வாசல்ல நின்னு அடிச்சாரு. கார் வந்து நின்னுச்சு, ஆளுங்க எறங்குனாங்க, போட்டோ புடிச்சாங்க, உள்ள போனாங்க. உள்ள கச்சேரி தொடங்கப் போகுது, போதும்னு மேனேஜர் கையக் காட்டுனாரு. நிறுத்திட்டாரு. நாப்பது வருசம் வாசிச்ச மனுசன், தனியா ஒரு சுத்துக்கூட அடிக்கல. அவரு அடிச்சா, அந்தத் தோலுல ஒரு சாவும் ஒரு கல்யாணமும் ஒரு கங்காணியும் வந்து போவாங்க. கேக்க அங்க ஒரு காது இல்ல. காசு ஒழுங்காக் குடுத்தாங்க, அதச் சொல்லணும். நாற்காலிதான் குடுக்கல.

நான் அந்தச் சாக்ஸபோன்காரர் மேல பொறாமைப்படல, பேராண்டி. அவரும் வயித்துக்கு ஊதுறவருதான். நல்லா ஊதட்டும், நீயும் வாயப் பொளந்து கேளு. அந்தப் பிள்ளை ஏதாச்சும் பேசுனா குழாய எறக்கி வச்சுட்டு அதையும் கேளு. ஆனா அன்னைக்கு ராத்திரி தீட்டிக்கிட்ட காத ஹோட்டல் துண்டு மாதிரி அங்கேயே விட்டுட்டு வந்துடாத. மாசி மாசம் அமாவாசை கழிஞ்சு நம்ம தோட்டத்துல காமன் கூத்துக்குக் காமன் நடுறாங்க. அந்தப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா. ரதியா ஆடுறது ஆம்பளைதான்னு முன்கூட்டியே சொல்லிடு, பெறகு என்னயக் கேக்கக் கூடாது. தப்புக்காரர் சூடு காட்ட உக்காந்தா, நீ நெருப்புல ரெண்டு மிலாறு எடுத்துப் போடு. தனியா ஒரு சுத்து அடிச்சு முடிச்சாருன்னா, ஹோட்டல்ல தட்டுன அதே கையால தட்டு. வீட்டுலேர்ந்து ஒரு நாற்காலி எடுத்துக்கிட்டு வந்து போடு, உனக்கு இல்ல, அவருக்கு.

டை வேணாம். கம்பளி கொண்டு வா.